பூனைக்கும் நீரடைப்பு வரும்: தீனியையும் தண்ணீரையும் கவனியுங்கள்



இந்தப் பகுதியில் வழக்கமாக நம் உடம்பைப் பற்றித்தான் பேசுவோம். இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, முதுகு வலி என்று மனிதருக்கு வரும் நோய்களே ஏராளம். இந்த முறை பூனையைப் பற்றி எழுதுகிறோம். "மனுசனுக்கு மருந்து வாங்கவே சம்பளம் பத்தல, இதுல பூனைக்கு ஒரு கட்டுரையா?" என்று சிலர் கேட்கக்கூடும். கேட்பதில் தவறில்லை.

ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். லயத்து வீட்டில் அரிசி மூட்டைக்குக் காவல் இருந்தது யார்? எலியின் மூத்திரத்தால் பரவும் எலிக்காய்ச்சல் எவ்வளவு பொல்லாதது என்பது தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். எலியை அடுப்படியில் அண்டவிடாமல் விரட்டிய பூனை, சம்பளம் வாங்காத காவல்காரன். இன்று நம்மில் பலர் தோட்டத்தை விட்டு கிள்ளான், ஷா ஆலம், பிரிக்பீல்ட்ஸ் என்று அடுக்குமாடி வீடுகளுக்கு வந்துவிட்டோம். பூனையும் கூடவே வந்துவிட்டது. இடம் மாறியதும் நம் சாப்பாடும் நடமாட்டமும் மாறியது போல, அதற்கும் மாறிவிட்டது. அந்த மாற்றத்தோடு சேர்ந்து வரும் ஒரு நோயைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

ஒரு தோழர் கேட்ட கேள்வி

கிள்ளானில் மலிவு விலை அடுக்குமாடியில் குடியிருக்கிறார் ஒரு தோழர். அவர் வீட்டில் ஐந்து வயதுக் கடுவன் பூனை ஒன்று இருந்தது. நல்ல கொழுகொழுவென்று இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து அது மணல் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்தது. முக்கியது, கத்தியது, எழுந்து போய் மறுபடியும் வந்து உட்கார்ந்தது. "வயிறு கட்டியிருக்கும்போல" என்று வீட்டில் விளக்கெண்ணெய் புகட்டினார்கள். சனிக்கிழமை வாந்தி எடுத்தது. தீனியைத் தொடவில்லை. கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. "திங்கக்கிழமை டாக்டர்கிட்ட காட்டுவோம்" என்று இருந்துவிட்டார்கள். ஞாயிறு விடியற்காலையில் செத்துக் கிடந்தது.

பள்ளிக்கூடம் போகும் மகள், "நான்தான் முந்தாநாளே சொன்னேனேப்பா" என்று அழுதிருக்கிறாள். பிறகு ஒரு மிருக வைத்தியரிடம் விஷயத்தைச் சொன்னபோதுதான், அது மலச்சிக்கல் இல்லை, மூத்திரம் அடைத்துக்கொண்டது என்று தெரிந்திருக்கிறது. தோழர் நம்மிடம் கேட்டார்: "அண்ணே, இது எங்களுக்கு எப்படித் தெரியும்? யாராவது சொல்லியிருந்தா காப்பாத்தியிருப்போமே?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாகவே இந்தக் கட்டுரை.

பூனைக்குத் தாகம் தெரியாது

வெயிலில் செம்பனைக் குலை வெட்டிவிட்டு, தண்ணீர் குடிக்காமல் இருந்தால் நமக்கு என்ன ஆகிறது? மூத்திரம் மஞ்சளாகிறது, கடுக்கிறது. சிலருக்குக் கல்லும் உண்டாகிறது. ஆனால் நமக்குத் தொண்டை வறண்டதும் தாகம் எடுக்கும். தண்ணீர்ப் போத்தலைத் தேடுவோம். பூனைக்கு அந்தத் தாகம் மிகவும் குறைவு.

காரணம் அதன் பூர்வீகம். வீட்டுப் பூனையின் முன்னோர்கள் மத்திய கிழக்கின் வறண்ட நிலத்தில் திரிந்த காட்டுப் பூனைகள். அங்கே ஆறும் குளமும் எங்கே இருக்கின்றன? எலியையும் பறவையையும் பிடித்துத் தின்று, அவற்றின் உடம்பில் இருக்கும் ஈரத்தைக் கொண்டே அவை உயிர் வாழ்ந்தன. ஓர் எலியின் உடம்பில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு தண்ணீர். ஆகவே பூனைக்குத் தீனியும் தண்ணீரும் ஒரே தட்டில் வந்துவிடும். அதன் சிறுநீரகமும் அதற்கேற்றபடி, தண்ணீரை வீணாக்காமல், மூத்திரத்தை மிகவும் கெட்டியாக்கி வெளியே விடும். மனிதருக்கு அந்தச் சக்தி கிடையாது.

இப்போது கணக்குப் பார்ப்போம். 4 கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 மில்லி தண்ணீர் வேண்டும். தீனியில் வருவதும் இதில் சேர்த்திதான். கடையில் விற்கும் காய்ந்த பூனை பிஸ்கட்டில் பத்தில் ஒரு பங்குகூடத் தண்ணீர் இருக்காது. 50 கிராம் பிஸ்கட் தின்றால் 5 மில்லிதான் உள்ளே போகும். மீதியை அது குடித்தாக வேண்டும். ஆனால் குடிக்காது, குடித்தாலும் போதிய அளவு குடிக்காது. இதுவே டின்னிலோ பையிலோ வரும் ஈரத் தீனி 200 கிராம் தின்றால், 150 மில்லி தண்ணீர் தன்னாலே உள்ளே போய்விடும். தோட்டத்தில் எலி பிடித்துத் தின்ற பூனைக்கும், மாடி வீட்டில் பிஸ்கட் தின்னும் பூனைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இந்தத் தண்ணீர்தான்.

உள்ளே என்ன நடக்கிறது?

மூத்திரம் கெட்டியாக இருந்து, மூத்திரப்பையில் வெகுநேரம் தேங்கினால், அதில் கரைந்திருக்கும் உப்புகள் படிகமாகின்றன. கஷாயத்தைச் சுண்டக் காய்ச்சினால் அடியில் மண்டி தங்குகிறதல்லவா, அப்படித்தான். பூனைகளுக்கு முக்கியமாக இரண்டு வகை வரும். ஒன்று 'ஸ்ட்ருவைட்'. மக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றும் சேர்ந்தது. இன்னொன்று 'கால்சியம் ஆக்ஸலேட்'. மணல் போலவும் வரும், கல்லாகவும் வரும்.

எல்லாப் பூனைக்கும் கல்தான் காரணம் என்று நினைக்கக் கூடாது. கல்லும் இல்லாமல் கிருமியும் இல்லாமல், மூத்திரப்பை வெறுமனே வீங்கிப் புண்ணாகி இரத்தம் கசிவதுதான் அதிகமாகக் காணப்படுகிறது. கவலை, பயம், வீடு மாற்றம், புதிய பூனையின் வரவு, இவையெல்லாம் அதைத் தூண்டும். பூனைக்கு என்ன கவலை என்று சிரிக்காதீர்கள். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் பபிங்டன் போன்றவர்கள் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். பத்து வயதுக்கு உட்பட்ட பூனைகளுக்குக் கிருமியால் நீர்க்கடுப்பு வருவது அபூர்வம். ஆகவே வீட்டில் மிச்சம் கிடக்கும் மனிதர் மாத்திரையைக் கொடுத்தால் குணமாகாது.

பெட்டைப் பூனைக்கும் நீர்க்கடுப்பு வரும். ஆனால் கடுவனுக்குத்தான் உயிராபத்து. கடுவனின் மூத்திரக் குழாய் நீளமானது; நுனியில் மிகவும் குறுகலானது. சளியும் மணலும் சேர்ந்து ஒரு சின்னத் தக்கை போல அங்கே அடைத்துக்கொள்ளும். ஒரு சொட்டும் வெளியே வராது. மூத்திரப்பை கல் போல விறைக்கும். வெளியேற வேண்டிய கழிவு இரத்தத்திலேயே தங்கும். பொட்டாசியம் என்ற உப்பு இரத்தத்தில் ஏறி, இருதயத்தையே நிறுத்திவிடும். முழுதாக அடைத்துவிட்டால் ஒரு நாள், இரண்டு நாளில் நிலைமை முற்றிவிடும். அந்தத் தோழரின் பூனைக்கு நடந்தது இதுதான்.

இந்த அடையாளங்களைக் கண்டால் அன்றைக்கே வைத்தியர்

அடிக்கடி மணல் தட்டுக்குப் போவது, குந்தி உட்கார்ந்து முக்குவது, கத்துவது, மணலில் ஈரமே இல்லாமல் இருப்பது அல்லது சொட்டுச் சொட்டாக மட்டும் இருப்பது, மூத்திரத்தில் இரத்தம், பின்பக்கத்தை ஓயாமல் நக்குவது, தட்டை விட்டுச் சமையல் தொட்டியிலும் குளியலறைத் தரையிலும் போவது, வயிற்றைத் தொட்டால் சீறுவது. வாந்தியும் சோர்வும் வந்துவிட்டால் விஷம் ஏறத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

பெரும்பாலோர் செய்யும் தப்பு, இதை மலச்சிக்கல் என்று நினைப்பது. இரண்டுக்கும் குந்தும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். சந்தேகமாக இருந்தால் மணலைப் பாருங்கள். மணல் காய்ந்து கிடந்து, கடுவன் முக்கிக்கொண்டிருந்தால் "நாளைக்குப் பார்ப்போம்" என்ற பேச்சே கூடாது. இரவானாலும் ஞாயிறானாலும் பெருநாள் விடுமுறையானாலும் அன்றைக்கே கொண்டு போக வேண்டும். வைத்தியர் மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய குழாய் விட்டு அடைப்பை நீக்குவார். நரம்பில் மருந்து நீர் ஏற்றுவார். சில நாள் தங்க வைத்துப் பார்ப்பார். நேரத்தோடு போனால் பெரும்பாலும் பிழைத்துவிடும்.

வீட்டு வைத்தியம் வேண்டாம். வயிற்றை அழுத்தி மூத்திரத்தை வெளியேற்றப் பார்த்தால் மூத்திரப்பை கிழிந்துவிடலாம். முக்கியமாக ஒன்று: வலிக்கிறது என்று பெனடோல் மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். நமக்குக் காய்ச்சல் மருந்தாக இருக்கும் பாரசிட்டமோல் பூனைக்கு விஷம். ஒரே ஒரு மாத்திரை போதும், உயிர் போக.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. செம்பனைத் தோட்டத்தில் எலிக்கு வைக்கும் மருந்துக் கட்டிகளில் பல, இரத்தம் உறையாமல் செய்பவை. அந்த மருந்தைத் தின்ற எலியைப் பூனை தின்றால், பூனைக்கும் உள்ளே இரத்தம் கசியலாம். மூத்திரம் சிவப்பாகவும் போகலாம். பக்கத்தில் எலி மருந்து வைத்திருந்தால் அதை வைத்தியரிடம் சொல்லுங்கள். முடிந்தால் மருந்துப் பையையும் கொண்டு போய்க் காட்டுங்கள். அதற்கு மாற்று மருந்து உண்டு.

தண்ணீரைத் தீனிக்குள் வையுங்கள்

வந்த பின் ஓடுவதைவிட வராமல் காப்பது மலிவு. அதற்கு முதல் வழி தண்ணீர். பூனையைக் குடி என்று சொல்ல முடியாது, தின்ன வைக்கலாம்.

வசதி இருந்தால் தினம் ஒரு வேளையாவது ஈரத் தீனி கொடுங்கள். எல்லா வேளைக்கும் வாங்கக் கட்டுப்படியாகாது என்றால், இருக்கிற பிஸ்கட்டையே வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைத்துக் கொடுங்கள். பிஸ்கட் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு என்று தொடங்கி, பழகப் பழகத் தண்ணீரைக் கூட்டலாம். ஒரேயடியாக மாற்றினால் பூனை முகம் திருப்பும். ஒரு வாரம், பத்து நாள் எடுத்து மெதுவாக மாற்றுங்கள். நம் ஊர் வெக்கையில் ஊறிய தீனி சீக்கிரம் கெட்டுப்போகும். ஒரு மணி நேரத்தில் தின்னாத மிச்சத்தை எடுத்துவிடுங்கள்.

கோழியோ மீனோ வேக வைக்கும்போது, உப்பும் வெங்காயமும் பூண்டும் போடுவதற்கு முன்னால் ஒரு கரண்டி நீரை எடுத்து ஆற வைத்துத் தீனியில் ஊற்றலாம். வாசனைக்காகவே நக்கிக் குடித்துவிடும்.

தண்ணீர்க் கிண்ணம் அகலமாக இருக்கட்டும். தினமும் கழுவி மாற்றுங்கள். தீனித் தட்டுக்கும் மணல் தட்டுக்கும் பக்கத்தில் வைக்காமல் வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். சில பூனைகள் ஓடுகிற தண்ணீரைத்தான் விரும்பும். குழாயடியில் போய் நின்றால் விரட்டாதீர்கள்.

நம் அடுப்படிச் சாப்பாடு பூனைக்கு ஆகுமா?

"எங்க தாத்தா காலத்துல மீன் குழம்புச் சோறு தின்னுதானே பூனை வளந்துச்சு?" என்பார்கள். வளர்ந்தது உண்மை. ஆனால் அது சோற்றை மட்டும் நம்பி இருக்கவில்லை. பகலெல்லாம் லயத்தைச் சுற்றி எலியும் ஓணானும் பிடித்துத் தின்றது. மாடி வீட்டுப் பூனைக்கு அந்த வழி இல்லை.

பூனை முழுக்க முழுக்க மாமிசப் பிராணி. 'டாரின்' என்றொரு சத்து மாமிசத்தில்தான் இருக்கிறது. அது குறைந்தால் பூனைக்குக் கண் பார்வை போகும். இருதயம் தளர்ந்து வீங்கும். டாரின் குறைவால் இருதய நோய் வருகிறது என்பதை 1987-இல் கலிபோர்னியாவில் டாக்டர் பயன் என்பவரும் கூட்டாளிகளும் கண்டுபிடித்த பிறகு, பூனைத் தீனி செய்யும் கம்பெனிகள் அதைக் கூடுதலாகச் சேர்க்க ஆரம்பித்தன. வெறும் சோறோ நாய்த் தீனியோ பூனைக்குப் போதாது. ஆகவே பூனைக்கென்று செய்த முழுச்சத்துத் தீனியே அடிப்படையாக இருக்கட்டும். வேக வைத்த கோழி, மீன் எல்லாம் ஆசைக்கு, பத்தில் ஒரு பங்கு.

மீன் குழம்பில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்த அணுக்களை அழிப்பவை. கருவாட்டிலும் நெத்திலியிலும் உப்பு மிக அதிகம். பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளின் பின்பக்கம் சுற்றும் பூனைகளுக்குக் குழம்பு எலும்பு போடுகிற புண்ணியவான்கள் இதைக் கவனிக்க வேண்டும். வெந்த கோழி எலும்பு கூர்மையாக உடைந்து தொண்டையில் குத்தும்.

பச்சை மீனை அப்படியே போடாதீர்கள். சில மீன்களில் 'பி-1' வைட்டமினை அழிக்கும் பொருள் இருக்கிறது. வேக வைத்தால் அது போய்விடும். டின் சார்டினில் உப்பும் தக்காளிச் சாறும் உண்டு. அன்றாடத் தீனிக்கு உதவாது. ஈரல் எப்போதாவது சரி, தினமும் கூடாது. பால் பெரிய பூனைகள் பலவற்றுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும். இனிப்புப் பால் டின்னைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எடையும் ஒரு காரணம்

"கொழுத்த பூனை வீட்டுக்கு அழகு" என்று நினைக்கிறோம். கொழுத்த பூனைக்கு நீரடைப்பு, இனிப்பு நீர், மூட்டு வலி எல்லாம் அதிகம் வருகின்றன. ஓடியாடாமல் படுத்துக் கிடப்பதால் தண்ணீர் குடிக்கவும் எழாது, ஒண்ணுக்குப் போகவும் எழாது. மூத்திரம் தேங்கும்.

காயடித்த கடுவனுக்கும், குட்டி போடாமல் ஆபரேஷன் செய்த பெட்டைக்கும் தீனி நாலில் ஒரு பங்கு குறைவாகவே தேவைப்படும். ஆனால் பசி கூடும். ஆபரேஷன் செய்வது நல்லதுதான்; செய்த பிறகு அளவைக் குறைக்க மறந்துவிடுகிறோம், அதுதான் தப்பு.

உங்கள் பூனை கொழுப்பா, சரியா என்று தெரிந்துகொள்ளத் தராசு வேண்டாம். உங்கள் கையை நீட்டி, புறங்கை முட்டிகளை மறு கை விரலால் தடவிப் பாருங்கள். பூனையின் விலா எலும்பு அப்படித் தட்டுப்பட்டால் சரியான எடை. கையை மடக்கி முட்டிகளைத் தொட்டது போல எலும்பு துருத்தினால் இளைப்பு. உள்ளங்கையைத் தொட்டது போல மெத்தென்று இருந்து எலும்பே தெரியாவிட்டால் கொழுப்பு. மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கித் தெரிய வேண்டும். வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இருந்தால் பூனையைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை, தனியாக ஒரு தடவை ஏறிக் கழித்துப் பாருங்கள். சாதாரண நாட்டுப் பூனைகளில் பெரும்பாலானவை மூன்றரை கிலோவிலிருந்து ஐந்து கிலோவுக்குள் இருக்கும்.

4 கிலோ வீட்டுப் பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 கலோரி போதும். பிஸ்கட்டில் சொன்னால் 50 கிராமுக்கு மேல் கொஞ்சம். நாம் என்ன செய்கிறோம்? தட்டு நிறையக் கொட்டிவிட்டு வேலைக்குப் போய்விடுகிறோம். அது காலையிலிருந்து மாலை வரை கொறித்துக்கொண்டே இருக்கிறது. கடைக்காரரிடம் 50 கிராம் நிறுத்து வாங்கி, ஒரு பழைய கிளாசில் கொட்டி, அந்த மட்டத்தில் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் ஒரு நாள் தீனி. அதை மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். அப்பா ஒரு தடவை, பிள்ளை ஒரு தடவை, பாட்டி ஒரு தடவை என்று மூவரும் தனித்தனியாகப் போடும் வீட்டில்தான் பூனை ஊதுகிறது. தீனி போடும் பொறுப்பை ஒருவரிடம் விடுங்கள்.

எடை குறைக்கும்போது அவசரம் கூடாது. இப்போது தின்பதில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துத் தொடங்குங்கள். 6 கிலோ பூனை வாரத்துக்கு 60 கிராம் குறைந்தால் போதுமானது. ஒரு கிலோ குறைய நாலு மாதத்துக்கு மேல் ஆகும். ஆகட்டும். பட்டினி மட்டும் போடாதீர்கள். கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால், உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் போய்ச் சேர்ந்து ஈரல் கெட்டுப்போகும். அதுவும் உயிராபத்துதான். ஒரு நாள் முழுக்கத் தீனியைத் தொடாவிட்டால் வைத்தியரைக் கேளுங்கள்.

குறைத்த தீனியோடு கொஞ்சம் ஓட்டமும் வேண்டும். கயிற்று நுனியில் ஒரு துணியைக் கட்டி, காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம் பிள்ளைகளை விளையாடச் சொல்லுங்கள்.

பத்தியத் தீனி

ஒரு தடவை அடைப்பு வந்த பூனைக்கு மறுபடியும் வரக்கூடும். வைத்தியர் மூத்திரத்தைச் சோதித்து, படம் எடுத்துப் பார்த்து, பத்தியத் தீனி எழுதிக் கொடுப்பார். ஸ்ட்ருவைட் கல்லாக இருந்தால் மக்னீசியமும் பாஸ்பரஸும் குறைத்து, மூத்திரத்தைக் கொஞ்சம் புளிப்பாக்கும் தீனியாலேயே பெரும்பாலும் சில வாரங்களில் கரைந்துவிடும். கால்சியம் ஆக்ஸலேட் கல் எந்தத் தீனிக்கும் கரையாது, எடுத்தாக வேண்டும்.

இதில் ஒரு பழைய கதை உண்டு. 1970-களில் மேல்நாடுகளில் பிஸ்கட் தின்னும் பூனைகளுக்கு நீரடைப்பு வந்தபோது, தீனியில் உள்ள 'சாம்பல் சத்து'தான் காரணம் என்று பழி போட்டார்கள். பிறகு மக்னீசியமும் மூத்திரத்தின் காரத்தன்மையும்தான் காரணம் என்று தெரிந்தது. 1980-களில் கம்பெனிகள் தீனியை மாற்றின. ஸ்ட்ருவைட் குறைந்தது. ஆனால் ஆக்ஸலேட் கல் கூடியது! டாக்டர் ஆஸ்போர்ன் 1981-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய கல் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்த கற்களில் இந்த மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. ஒரு கல்லுக்கு நல்லது இன்னொரு கல்லுக்குக் கெடுதலாகிவிடலாம் என்பதே இதில் உள்ள பாடம். ஆகவே பக்கத்து வீட்டுப் பூனைக்கு எழுதிய பத்தியத் தீனியை உங்கள் பூனைக்குக் கொடுக்காதீர்கள். எலுமிச்சைச் சாறு, வாழைத்தண்டுச் சாறு, பார்லித் தண்ணீர் என்று நாமாகப் புகட்டுவதும் வேண்டாம். பத்தியம் நடக்கும்போது வேறு தீனி சேர்த்தால் பலன் போய்விடும். இரண்டு வகைக் கல்லுக்கும் பொதுவான மருந்து ஒன்றுதான்: நிறையத் தண்ணீர்.

மணல் தட்டும் மன நிம்மதியும்

மணல் தட்டு நாறினால் பூனை அடக்கிக்கொள்ளும். அடக்கினால் தேங்கும். தினமும் அள்ளிச் சுத்தம் செய்யுங்கள். பூனைக்கு ஒரு தட்டு, அதற்கு மேல் உபரியாக ஒன்று என்பது வைத்தியர்கள் சொல்லும் கணக்கு. அள்ளும்போது ஈரக் கட்டிகளை எண்ணிப் பாருங்கள். நாளைக்கு இரண்டிலிருந்து நாலு தடவை போவது வழக்கம். திடீரென்று எண்ணிக்கை மாறினால் அது முன்னறிவிப்பு. கர்ப்பிணிகள் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். பூனை மலத்திலிருந்து வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும் நோய் பரவக்கூடும். மற்றவர்களும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

வீடு மாற்றும்போதும் பெருநாள் வெடிச் சத்தத்தின்போதும் பூனை பதுங்க ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுங்கள். ஓர் அட்டைப் பெட்டி போதும்.

எங்கே போவது?

மிருக வைத்தியம் இலவசம் இல்லை என்பது நமக்குத் தெரியும். அடைப்பு வந்த பிறகு ஆகும் செலவு, ஒரு தொழிலாளியின் சம்பளத்தில் பெரிய துண்டாக விழும். ஆகவேதான் முன்னெச்சரிக்கையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். கிள்ளான் பள்ளத்தாக்கில் தனியார் மிருக வைத்தியசாலைகள் பல இருக்கின்றன. 1971-இல் விவசாயப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, 1997-இல் பெயர் மாறிய புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை செர்டாங்கில் இருக்கிறது. அரசாங்கத்தின் கால்நடைச் சேவைத் துறைக்கு மாவட்ட அலுவலகங்கள் உண்டு. மிருகவதைத் தடுப்புச் சங்கமான எஸ்.பி.சி.ஏ. அம்பாங்கில் இருக்கிறது.

பூனை நன்றாக இருக்கும்போதே ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வட்டாரத்தில் இரவிலும் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் வைத்தியசாலை எது என்று விசாரித்து, அதன் தொலைபேசி எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கட்டணத்தையும், தவணையில் கட்ட முடியுமா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. 2015-ஆம் ஆண்டு பிராணிகள் நலச் சட்டப்படி, வளர்க்கிற பிராணியைக் கவனிப்பது வளர்ப்பவரின் கடமையும்கூட.

சுவரில் எழுதி ஒட்டி வையுங்கள்

1. பிஸ்கட்டைக் காய்ந்தபடி போடாமல் ஊற வைத்துப் போடு.
2. கிளாசில் போட்ட கோடுதான் ஒரு நாள் தீனி.
3. வெங்காயம், பூண்டு, கருவாடு, பால் வேண்டாம்.
4. மணல் தட்டைத் தினமும் அள்ளு. ஈரக் கட்டியை எண்ணு.
5. மனிதர் மாத்திரை பூனைக்குக் கூடாது.
6. கடுவன் முக்குகிறது, மணல் காய்ந்திருக்கிறது என்றால் அன்றைக்கே வைத்தியர்.

அந்தத் தோழரின் வீட்டில் இப்போது ஒரு குட்டிப் பூனை வளர்கிறது. மகள்தான் தீனி போடுகிறாள். குட்டிக்கு எவ்வளவு என்று வைத்தியரைக் கேட்டு கிளாசில் கோடு போட்டு வைத்திருக்கிறாளாம். "இப்ப மணலைப் பாக்காம அவ ஸ்கூலுக்குப் போறதில்லண்ணே" என்றார் தோழர். வாயில்லாப் பிராணிக்கு நோவு வந்தால் அது வந்து சொல்லாது. நாம்தான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.